பழம்பாணி மோட்டார் சைக்கிள்களின் நம்பகத்தன்மை ஒப்பீடு

பழம்பாணி மோட்டார் சைக்கிள் என்பது 1950, 1960களில் ஓடிய வண்டிகளின் தோற்றத்தில், இக்காலத் தொழில்நுட்பத்தைக் கொண்டு புதிதாகச் செய்யப்படும் இருசக்கர வண்டி ஆகும். வட்டமான முகப்பு விளக்கு, நீர்த்துளி வடிவப் பெட்ரோல் டாங்க், நிமிர்ந்து உட்காரும் இருக்கை, பளபளக்கும் குரோம் பூச்சு ஆகியவை இதன் அடையாளங்கள். சந்தையில் இவை 'ரெட்ரோ' என்றும் 'மாடர்ன் கிளாசிக்' என்றும் அழைக்கப்படுகின்றன. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, புல்லட் 350, ஹோண்டா ஹைனெஸ் சிபி350, ஜாவா 350, யெஸ்டி ரோட்ஸ்டர், டி.வி.எஸ். ரோனின், டிரையம்ப் ஸ்பீடு 400 ஆகியவை இந்தியச் சாலைகளில் பரவலாகக் காணப்படும் மாடல்கள்.

இவற்றுள் பெரும்பாலானவை பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்து இரண்டு லட்சம் ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ வருபவை. பலர் தவணையில் வாங்குகிறார்கள். எனவே வாங்கும் முன் எது அடிக்கடி பழுதாகும், எது ஆகாது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது இயல்பு. ஆனால் மற்ற வண்டிகளைவிடப் பழம்பாணி வண்டிகளில் இந்த ஒப்பீடு சற்றுக் கடினமானது. ஒரே பெயரும் ஒரே தோற்றமும் பல பத்தாண்டுகளுக்குத் தொடர்கின்றன. உள்ளே இருக்கும் என்ஜினோ பலமுறை மாறிவிடுகிறது. பெயரைக் கொண்டு நம்பகத்தன்மையை மதிப்பிடுபவர், விற்பனையிலேயே இல்லாத ஒரு வண்டியின் புகழையோ பழியையோ புதிய வண்டியின் மேல் ஏற்றிவிடுகிறார். என்ஜின் தலைமுறை, தயாரிக்கப்பட்ட மாதம், வாங்குபவர் ஊரில் கிடைக்கும் பழுதுநீக்கும் வசதி ஆகிய மூன்றையும் வைத்து ஒப்பிடுவதே பயன் தரும்.

நம்பகத்தன்மை என்ற சொல்லின் பொருள்

பேச்சு வழக்கில் 'நம்பகமான வண்டி' என்பது மூன்று வெவ்வேறு குணங்களைக் குறிக்கிறது. முதலாவது, குறிப்பிட்ட தூரத்துக்குள் எத்தனை முறை பழுதாகிறது என்பது. இரண்டாவது நீடித்துழைப்பு, அதாவது பெரிய வேலை வைக்காமல் எத்தனை ஆண்டு ஓடுகிறது என்பது. மூன்றாவது, பழுதானால் எவ்வளவு எளிதில், எவ்வளவு செலவில் சரிசெய்ய முடிகிறது என்பது.

இம்மூன்றும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை. பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எண்ணெய் கசியும், டேப்பட் இடைவெளியை அவ்வப்போது சரிசெய்ய வேண்டும், பிளாட்டினம் பாயின்ட் தேய்ந்தால் ஸ்டார்ட் ஆகாது. ஆனால் பழகிய மெக்கானிக் ஒருவர் சில ஸ்பேனர்களை வைத்துக்கொண்டு புளியமரத்தடியிலேயே அதைச் சரிசெய்துவிடுவார். முதல் குணத்தில் அது குறைந்த மதிப்பெண் பெறும். மூன்றாவதில் நிறைய வாங்கிவிடும். இன்றைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி இதற்கு நேர்மாறானது. அது வழியில் நிற்பது அரிது. நின்றால், எந்த சென்சாரில் கோளாறு என்று காட்டும் ஸ்கேனர் கருவி உள்ள சர்வீஸ் நிலையம் வரை ஏற்றிச் செல்ல வேண்டியிருக்கலாம். 'அந்தக் காலத்துப் புல்லட் போல வருமா' என்று பெரியவர்கள் சொல்லும்போது அவர்கள் பெரும்பாலும் மூன்றாவது குணத்தைத்தான் சொல்கிறார்கள். கேட்பவர்கள் அதை முதல் குணமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு பெயர், நான்கு என்ஜின்கள்

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெடிச் நகரில் தோன்றிய நிறுவனம். இந்திய இராணுவத்துக்கு 350 சி.சி. புல்லட் வண்டிகள் தேவைப்பட்டதை ஒட்டி, 1955ஆம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. இங்கிலாந்துத் தாய் நிறுவனம் 1970 வாக்கில் மூடப்பட்ட பின்னும் சென்னையில் புல்லட் தொடர்ந்து தயாரானது. 1994இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. பின்னர் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் எழுந்தன. இத்தனை ஆண்டுகளில் அதன் 350 சி.சி. வண்டிகளில் நான்கு வகை என்ஜின்கள் இருந்துள்ளன.

முதலாவது மேலே சொன்ன வார்ப்பிரும்பு என்ஜின். இதில் என்ஜின் தனி, கியர் பெட்டி தனி. கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருந்தன. ஹேண்டில்பார் அருகே உள்ள அம்பியர் மீட்டரின் முள் நடுவில் நிற்கும்படி பார்த்து, டீகம்ப்ரஷன் லீவரை அழுத்தி, பிறகு கிக்கரை மிதிக்க வேண்டும். இந்த முறை தெரியாமல் மிதித்தவரின் காலைக் கிக்கர் திருப்பி அடித்துவிடும். இன்று இவ்வகை வண்டியை வாங்குபவர் அன்றாடப் பயணத்துக்கு வாங்கக் கூடாது. விருப்பத்துக்காகவும் பராமரிக்கும் பொறுமையோடும் வாங்கலாம்.

இரண்டாவது, ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தின் துணையுடன் உருவாக்கப்பட்ட அலுமினிய 'லீன் பர்ன்' என்ஜின். 2002இல் வந்த தண்டர்பேர்டில் இது இருந்தது. இடைக்கால வகையாகையால் இதன் எண்ணிக்கை குறைவு. பழைய வண்டிச் சந்தையில் இதைக் கண்டால், உதிரிபாகம் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே விலை பேச வேண்டும்.

மூன்றாவது யு.சி.இ. எனப்படும் 'யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்ஜின்'. என்ஜினும் கியர் பெட்டியும் ஒரே உறைக்குள் அமைந்ததால் இப்பெயர். 2008இல் தண்டர்பேர்டு ட்வின்ஸ்பார்க்கிலும், 2009இல் வெளிவந்த கிளாசிக் வண்டிகளிலும், பின்னர் புல்லட்டிலும் இது பொருத்தப்பட்டது. எண்ணெய் அழுத்தத்தால் தானே சரியாகிக்கொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் வந்ததால், டேப்பட் இடைவெளி பார்க்கும் வேலை இல்லாமல் போனது. எண்ணெய்க் கசிவும் பெருமளவு குறைந்தது. மின் ஸ்டார்ட்டருடன் கிக்கரும் இருந்தது. இதில் மெக்கானிக்குகள் நன்கறிந்த பலவீனம் ஸ்டார்ட்டரை என்ஜினுடன் இணைக்கும் ஸ்ப்ராக் கிளட்ச். பேட்டரி பலமிழந்த நிலையில் திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தினால் அது கெட்டுவிடும். மாற்ற வேண்டுமானால் என்ஜினின் பக்க உறையைத் திறக்க வேண்டும். யு.சி.இ. வண்டிகளில் அதிர்வும் அதிகம். அதிர்வு உடலுக்குச் சங்கடம் என்பதோடு முடிவதில்லை. நட்டுகள் தளர்வதும், விளக்குத் தாங்கிகளும் எண்தகட்டுச் சட்டங்களும் விரிசல் விடுவதும் அதிர்வின் விளைவுகள்.

நான்காவது ஜே வரிசை என்ஜின். 2020 நவம்பரில் மீட்டியார் 350 வண்டியில் முதலில் வந்தது. 349 சி.சி. கொள்ளளவு, சுமார் 20 குதிரைத்திறன். வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் என்ஜின் தலைக்கு மேலே போய்விட்டதால் யு.சி.இ. வரை இருந்த நீண்ட புஷ்ராடுகள் நீங்கின. அதிர்வைத் தணிக்கப் பேலன்சர் தண்டு சேர்க்கப்பட்டது. 2021 செப்டம்பரில் கிளாசிக் 350, 2022 ஆகஸ்டில் ஹண்டர் 350, 2023 செப்டம்பரில் புல்லட் 350 என ஒவ்வொன்றாக இதே என்ஜினுடன் வந்தன.

இந்தத் தேதிகள் வாங்குபவருக்கு முக்கியமானவை. 2022ஆம் ஆண்டு ஒரே ஷோரூமில் அருகருகே நின்ற கிளாசிக் 350, புல்லட் 350 ஆகிய இரண்டில், கிளாசிக்கில் இருந்தது ஜே என்ஜின், புல்லட்டில் இருந்தது யு.சி.இ. அதே போல் 2021 மார்ச்சில் வாங்கிய கிளாசிக்கும் 2021 டிசம்பரில் வாங்கிய கிளாசிக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே வேறு வேறு வண்டிகள். 'என் நண்பன் பத்து வருடமாகக் கிளாசிக் ஓட்டுகிறான்' என்ற சான்று புதிய கிளாசிக் வாங்குபவருக்குப் பெரிதாக உதவாது. அந்தச் சான்று யு.சி.இ.யைப் பற்றியது.

ஜாவா: பெயரில் மட்டும் தொடர்ச்சி

மைசூரின் ஐடியல் ஜாவா ஆலையில் 1960களில் தொடங்கித் தயாரான ஜாவா வண்டிகளும், 1973 முதல் அதே ஆலையில் யெஸ்டி என்ற பெயரில் வந்தவையும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓடியவை. வால்வே இல்லாத எளிய என்ஜின். அந்த ஆலை 1996இல் மூடப்பட்டது. 2018 நவம்பரில் மகிந்திரா குழுமத்தின் ஆதரவில் கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் ஜாவாவை மீண்டும் கொண்டுவந்தபோது, அதில் இருந்தது 293 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின். மகிந்திரா மோஜோ வண்டியின் என்ஜினிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டது அது. ரேடியேட்டர் வைத்து நீரால் குளிர்விக்கப்படுகிறது. பழைய ஜாவாவின் நினைவாக ஒரு சிலிண்டருக்கு இரு சைலன்சர்கள். என்ஜினின் வெளிப்புறத்தில் காற்றால் குளிர்வது போன்ற தகடுகளும் உண்டு. 2022 ஜனவரியில் யெஸ்டி பெயர் 334 சி.சி. என்ஜினுடன் திரும்பியது. 2024இல் வந்த ஜாவா 350 வண்டியும் 334 சி.சி.தான்.

எனவே தாத்தா வைத்திருந்த ஜாவா முப்பது வருடம் உழைத்தது என்பது உண்மையாக இருந்தாலும், புதிய ஜாவாவைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. புதிய ஜாவாவை ஒப்பிட வேண்டியது நீர்க் குளிர்விப்பு உள்ள மற்ற வண்டிகளோடு. ரேடியேட்டர், அதன் விசிறி, ரப்பர் குழாய்கள், குளிர்விப்பு நீர் ஆகியவை கூடுதலாகக் கவனிக்க வேண்டிய உறுப்புகள். அதற்கு ஈடாக, வெயிலில் நெரிசலான சாலையில் நின்று நின்று செல்லும்போது என்ஜின் வெப்பம் கட்டுக்குள் இருக்கும்.

பிற மாடல்கள்

ஹோண்டா ஹைனெஸ் சிபி350 2020 செப்டம்பரில் அறிமுகமானது. 348 சி.சி., காற்றால் குளிரும் என்ஜின், ஏறத்தாழ 21 குதிரைத்திறன். கிளாசிக்கின் நேர்ப் போட்டியாளர் இதுவே. ஆனால் ஹோண்டாவின் எல்லாக் கடைகளிலும் இது கிடைப்பதில்லை. 'பிக்விங்' எனும் தனி விற்பனை நிலையங்களில்தான் விற்கப்படுகிறது. ஊரில் ஹோண்டா ஸ்கூட்டர் கடை இருப்பதைப் பார்த்து நிம்மதி கொள்ளக் கூடாது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். 2022 ஜூலையில் கொண்டுவந்த ரோனின் 225.9 சி.சி. வண்டி. பழமையும் புதுமையும் கலந்த தோற்றம். டிரையம்ப் ஸ்பீடு 400 பஜாஜ் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கப்பட்டு 2023 ஜூலையில் வந்தது. 398 சி.சி., நீர்க் குளிர்விப்பு, 40 குதிரைத்திறன். ஏறக்குறைய ஒத்த கொள்ளளவில் கிளாசிக்கைப் போல் இருமடங்கு திறனை இது தருகிறது. மெதுவாக, குறைந்த அழுத்தத்தில் சுழலும் பெரிய என்ஜின் தேய்மானம் குறைவாகக் காணும் என்பது பொது விதி. ஆனால் இதை மட்டும் வைத்து ஸ்பீடு 400 சீக்கிரம் தேயும் என்று முடிவு கட்டிவிட முடியாது. உலோகத்தின் தரம், எண்ணெய் சுற்றும் முறை, குளிர்விப்பு ஆகியவையும் கணக்கில் வர வேண்டும்.

திரும்பப் பெறுதல் அறிவிப்புகளைப் படிக்கும் முறை

விற்ற வண்டியில் உற்பத்திக் குறை தெரியவந்தால் நிறுவனமே அழைத்து இலவசமாகச் சரிசெய்து தருவது 'திரும்பப் பெறுதல்' எனப்படும். இந்தியாவில் 2012 முதல் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் தன்னார்வ விதி ஒன்றைப் பின்பற்றி, இத்தகைய அறிவிப்புகளைத் தன் வலைத்தளத்தில் பட்டியலிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு ஆணையிட ஒன்றிய அரசுக்கு அதிகாரம் அளித்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன.

2021ஆம் ஆண்டில் மட்டும் இரு அறிவிப்புகள் பழம்பாணி வண்டி வாங்குவோருக்குப் பாடமாக அமைந்தன. மே மாதத்தில் ராயல் என்ஃபீல்டு மீட்டியார், கிளாசிக், புல்லட் ஆகிய மாடல்களில் 2,36,966 வண்டிகளை இக்னிஷன் காயில் குறைபாட்டுக்காக அழைத்தது. அப்போது மீட்டியாரில் ஜே என்ஜினும் மற்ற இரண்டில் யு.சி.இ.யும் இருந்தன. தலைமுறை வேறான இரு என்ஜின்களையும் ஒரே பழுது பாதித்ததற்குக் காரணம், அந்தக் காயில் வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தப்பட்ட பாகம் என்பதே. அழைக்கப்பட்டவற்றில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவானவற்றுக்கே மாற்ற வேண்டியிருக்கும் என்று நிறுவனம் மதிப்பிட்டது.

டிசம்பரில் 26,300 கிளாசிக் 350 வண்டிகள் அழைக்கப்பட்டன. பின் பிரேக்கைத் தாங்கும் ஒரு பிராக்கெட், பிரேக்கை மிகப் பலமாக மிதிக்கும் சூழலில் சேதமடையலாம் என்பது காரணம். அந்த வண்டிகள் 2021 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 5 வரை தயாரானவை, அதாவது புதிய கிளாசிக் வெளிவந்த முதல் மூன்று மாதத்துத் தயாரிப்பு. ஹோண்டாவும் 2023 இறுதியில் சிபி350 வண்டிகளைச் சாய்வு சென்சார், பின் பிரேக் விளக்கு சுவிட்ச் ஆகியவற்றுக்காக அழைத்தது.

இதிலிருந்து சில செய்திகள் கிடைக்கின்றன. புதிய மாடலின் முதல் சில மாதத் தயாரிப்பை வாங்குபவர், ஒரு வகையில் நிறுவனத்துக்காகச் சோதனை ஓட்டம் செய்கிறார். ஆசையை ஓராண்டு அடக்கி வைக்க முடிந்தவர்களுக்குத் திருத்தப்பட்ட வண்டி கிடைக்கிறது. மேலும், இக்கால வண்டிகளின் பழுதுகள் பெரும்பாலும் பிஸ்டனிலும் கியரிலும் இல்லை. காயில், சென்சார், சுவிட்ச், ஒயர் இணைப்பு போன்ற சிறு பாகங்களில்தான் உள்ளன. ஒரு நிறுவனம் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியிட்டதாலேயே அது தரம் குறைந்தது என்று எண்ணுவதும் தவறு. அறிவிக்காமல் மறைப்பதைவிட அறிவித்துத் திருத்துவது மேல். லட்சக்கணக்கில் விற்கும் நிறுவனத்தின் எண்ணிக்கை பெரிதாகத் தெரிவதும் இயற்கை. எத்தனை வண்டி விற்றதில் எத்தனை அழைக்கப்பட்டன, குறை உயிருக்கு ஆபத்தானதா, எவ்வளவு விரைவில் சரிசெய்தார்கள் என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

மனநிறைவும் நம்பகத்தன்மையும்

அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2015இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுகூரத் தக்கது. நான்கு ஆண்டு ஓடிய வண்டிகளில் பழுது கண்டவற்றின் விகிதம் யமாகாவில் 11 விழுக்காடு, சுசுகியிலும் ஹோண்டாவிலும் 12, கவாசாகியில் 15 என்று அது மதிப்பிட்டது. பாரம்பரியத் தோற்றத்துக்குப் பெயர்பெற்ற ஹார்லி டேவிட்சனுக்கு 26, டிரையம்புக்கு 29, பி.எம்.டபிள்யூ.வுக்கு 40 என்று வந்தது. அதே ஆய்வில் 'மறுபடியும் இதே நிறுவனத்தின் வண்டியை வாங்குவீர்களா' என்ற கேள்விக்கு, ஹார்லி உரிமையாளர்களில் 72 விழுக்காட்டினரும் ஹோண்டா உரிமையாளர்களில் 70 விழுக்காட்டினரும் ஆம் என்றனர். இருமடங்குக்கு மேல் பழுதான வண்டியின் உரிமையாளர்கள் மனநிறைவில் சற்றும் குறைந்தவர்களாக இல்லை.

ஓட்டும் சுகம், வண்டியின் ஓசை, நாலு பேர் திரும்பிப் பார்ப்பது ஆகியவை பழுதை மறக்கச் செய்கின்றன. இதில் பிழை ஒன்றும் இல்லை. அது அவரவர் காசு, அவரவர் மகிழ்ச்சி. ஆனால் உரிமையாளரின் பாராட்டை நம்பகத்தன்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும்போதுதான் வாங்குபவர் ஏமாறுகிறார். 'வண்டி எப்படி?' என்று கேட்டால் அன்பு பதிலாக வரும். 'கடந்த ஓராண்டில் எத்தனை முறை சர்வீஸ் நிலையத்துக்குப் போனீர்கள்? என்ன மாற்றினார்கள்? எத்தனை நாள் வண்டி அங்கே நின்றது? மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?' என்று கேட்டால் தகவல் வரும். ஞாயிறுதோறும் இருபது கிலோமீட்டர் ஓட்டுபவரின் நற்சான்றும், மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவரின் நற்சான்றும் ஒரே எடை உடையவை அல்ல.

மேற்கண்ட ஆய்வின் எண்களை இந்தியாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. அவை வேறு நாட்டின் சாலைகளில் ஓடிய, பெரும்பாலும் பெரிய என்ஜின் கொண்ட வண்டிகள்.

பழம்பாணிக்கே உரிய தொல்லைகள்

தோற்றத்துக்காகச் சேர்க்கப்படும் சில பாகங்களே பராமரிப்பைக் கூட்டுகின்றன. முதலில் சொல்ல வேண்டியது சக்கரம். கம்பி கட்டிய ஸ்போக் சக்கரம் பழம்பாணிக்கு அழகு. இந்த வகுப்பு வண்டிகளில் அது பெரும்பாலும் ட்யூப் உள்ள டயருடன் வருகிறது. ஆணி ஏறினால் காற்று உடனே இறங்கும். சக்கரத்தைக் கழற்றித்தான் பஞ்சர் ஒட்ட வேண்டும். அலாய் சக்கரத்தில் ட்யூப்லெஸ் டயர் இருப்பதால் காற்று மெல்ல இறங்கும், கழற்றாமலே அடைத்துவிடலாம். ஹண்டர் 350 அறிமுகமானபோது 'ரெட்ரோ' வகையில் ஸ்போக்கும் 'மெட்ரோ' வகையில் அலாயும் கொடுக்கப்பட்டன. இரவில் தனியாகப் பயணம் செய்பவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடே முடிவைத் தீர்மானிக்கப் போதும்.

அடுத்தது துரு. குரோம் பூசிய சைலன்சர், மட்கார்டு, கம்பிகள் ஆகியவை கடற்காற்றில் விரைவில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். நாகப்பட்டினம், தூத்துக்குடி, சென்னைக் கடற்கரைப் பகுதிகளில் வெளியில் நிறுத்தப்படும் வண்டிக்குக் குரோம் குறைந்த, கறுப்பு வண்ணம் பூசிய வகை நீடித்து நிற்கும்.

மூன்றாவது கிக்கர் இல்லாமை. தோற்றம் பழையதாக இருந்தாலும் ஜே வரிசை வண்டிகளிலும் ஹைனெஸிலும் புதிய ஜாவாவிலும் கிக்கர் கிடையாது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மின்சாரம் வேண்டும் என்பதால், பேட்டரி அடியோடு செத்துவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கைகொடுக்காது. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் பழக்கம் உள்ளவர் பேட்டரியைக் கவனிக்க வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோலும் இன்று கவனிக்க வேண்டியது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் பாகங்களுடன் 2023 ஏப்ரல் முதல் புதிய வண்டிகள் வருகின்றன. அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகளில் ரப்பர் குழாய், வாஷர் போன்றவை உப்பியோ விரிசல் விட்டோ கசியக்கூடும். பழைய யு.சி.இ. அல்லது வார்ப்பிரும்பு வண்டி வாங்குபவர் இவற்றை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

உத்தரவாதமும் உதிரிபாகமும்

உத்தரவாதக் காலம் 'மூன்று ஆண்டு அல்லது 30,000 கிலோமீட்டர், எது முந்தியதோ அது' என்பது போல் எழுதப்படும். இதில் கடைசி மூன்று சொற்கள்தான் பலர் கண்ணில் படாதவை. தென்காசியிலிருந்து தினமும் திருநெல்வேலிக்குச் சென்று திரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். முந்நூறு வேலை நாளில் 30,000 கிலோமீட்டர் முடிந்துவிடும். அவருக்கு மூன்றாண்டு உத்தரவாதம் என்பது நடைமுறையில் ஓராண்டு உத்தரவாதம். கிலோமீட்டர் வரம்பில்லாத இரண்டாண்டு உத்தரவாதம் அவருக்கு இதைவிட மேலானது. நாளுக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டும் கல்லூரி மாணவருக்கோ மூன்றாண்டே நல்லது.

உதிரிபாகம் கிடைப்பதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வாங்குவதாகச் சொல்லாமல், அந்த நிறுவனத்தின் பாகங்கள் விற்கும் கவுண்டருக்குச் சென்று கிளட்ச் கேபிள், பிரேக் லீவர், பக்கக் கண்ணாடி, ஸ்பீடோமீட்டர் ஆகிய நான்கின் விலையையும் இருப்பையும் கேட்க வேண்டும். முதல் மூன்றும் கையிருப்பில் இல்லை என்றால் அங்கே வண்டி வாங்குவதை ஒத்திப்போடலாம். கீழே விழுந்தால் முதலில் உடைவன அவையே. ஸ்பீடோமீட்டருக்கு எத்தனை நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்பது நிறுவனத்தின் வினியோகத் திறனைக் காட்டும். ராயல் என்ஃபீல்டின் பெரிய பலம் இதில்தான் இருக்கிறது. சிற்றூர்களிலும் புல்லட் மெக்கானிக் இருப்பார். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய வண்டிகளின் பாகங்களும் தேடினால் கிடைக்கும். தொழில்நுட்பத்தில் அதற்கு நிகரான அல்லது மேலான வண்டியும், அருகில் உள்ள சர்வீஸ் நிலையம் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அந்த ஊரில் நம்பகமான வண்டி ஆகாது.

பழைய வண்டி வாங்கும்போது

முதல் வேலை, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதம், ஆண்டைப் பார்த்து எந்தத் தலைமுறை என்ஜின் என்று உறுதி செய்வது. விற்பவர் 'ரீபார்ன் கிளாசிக்' என்று சொல்லும் வண்டியின் தயாரிப்பு 2021 செப்டம்பருக்கு முந்தியது என்றால் அது யு.சி.இ. வண்டி, விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். பிறகு சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த வண்டிக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் இருந்ததா, அந்த வேலை முடிந்ததா என்று நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் கேட்கலாம்.

வண்டியைப் பார்க்கக் காலையில் போவது நல்லது. என்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று பொருள். ஆறிய என்ஜின் முதல் முயற்சியில் கிளம்புகிறதா, அப்போது டேப்பட் பகுதியில் சத்தம் எழுந்து சில நொடிகளில் அடங்குகிறதா, அடங்காமல் தொடர்கிறதா, சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும். நீலப் புகை என்ஜின் எண்ணெய் எரிவதைக் காட்டும். யு.சி.இ. வண்டி என்றால் பொத்தானை அழுத்தும்போது 'கடகட'வென்று உலோகம் நழுவும் ஒலி கேட்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். அது ஸ்ப்ராக் கிளட்ச் தேய்ந்ததன் அறிகுறி. நீர்க் குளிர்விப்பு உள்ள வண்டி என்றால் ரேடியேட்டர் குழாய் இணைப்புகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த தடம் உள்ளதா என்று பார்த்து, விசிறி சுழலத் தொடங்கும் வரை என்ஜினை ஓடவிட வேண்டும்.

வெளியில் மாட்டிய கூடுதல் விளக்குகளும் பெரிய ஹாரனும் இருந்தால், அவற்றுக்கான ஒயர் எங்கிருந்து எடுக்கப்பட்டுள்ளது என்று இருக்கையைக் கழற்றிப் பார்ப்பது அவசியம். நிறுவனம் பொருத்திய ஒயரை இடையில் அறுத்து டேப் சுற்றிய வண்டியில், அடுத்த மழைக்காலத்தில் வரும் பழுதுக்குக் காரணம் கண்டுபிடிப்பது அனுபவசாலி மெக்கானிக்குக்கும் எளிதன்று.